தட்டுகிற இன்ஜினும் பேசாத மச்சான்களும்

எண்பதுகளின் தொடக்கம். காரைக்காலில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். சொந்தக் கார்தான். ஆனால் எனக்கே அண்ணனாக இருக்குமோ என்று சந்தேகப்படுகிற அளவுக்குப் பழசு. ஒருமுறை கல்யாணக் கோஷ்டியை ஏற்றிக்கொண்டு போகும்போது, கொள்ளிடம் பாலத்துக்கு முன்பாகவே ரேடியேட்டர் கொதித்து ஆவி கிளம்பிவிட்டது. பட்டுப்புடவைகளெல்லாம் வெயிலில் நின்றன. அன்றிலிருந்து ஸ்டாண்டில் என் வண்டிக்கு 'வெந்நீர் அண்டா' என்று பெயர். "குளிக்கத் தண்ணி பதமா இருக்காண்ணே?" என்று கேட்காத டிரைவர் கிடையாது. நானும் கூடவே சிரித்துவைப்பேன். உள்ளுக்குள் எரியும்.

சூடாவது மட்டும் இல்லை. நாலு பேரை ஏற்றிக்கொண்டு பாலம் ஏறினால் இன்ஜின் 'கிணுங் கிணுங்' என்று தட்டும். பார்க்காத வைத்தியமில்லை. ஆனால் எங்கள் ஊரில் அப்போது ஒரு கறாரான வழக்கம் இருந்தது. பெட்ரோலும் காற்றும் கலக்கிற கார்புரேட்டர் மெக்கானிக்கின் எல்லை. பொறி விழுகிற நேரத்தைச் சரிசெய்கிற டைமிங் வேலை ஆட்டோ எலக்ட்ரீஷியனின் எல்லை. ஒருவர் எல்லைக்குள் மற்றவர் திருப்புளியை நீட்டமாட்டார்.

நான் போகிற மெக்கானிக்குக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் கோட்டுச்சேரி போகிற ரோட்டில் பக்கத்துப் பக்கத்துக் கொட்டகை. மெக்கானிக்கின் தங்கையைத்தான் எலக்ட்ரீஷியன் கட்டியிருந்தார். ஆனால் இருவருக்கும் பேச்சு இல்லை. எலக்ட்ரீஷியன் மகளுக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் வரக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. நல்ல நேரம் போகிறதென்று வேறொருவர் மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் குத்திவிட்டார்கள். மெக்கானிக் சீர்த்தட்டும் கையுமாக வந்து நின்றபோது எல்லாம் முடிந்திருந்தது. வந்த வழியே திரும்பிப் போனவர், மறுநாளே இரண்டு கொட்டகைக்கும் நடுவில் ஒரு கீற்றுத் தடுப்பு கட்டிவிட்டார்.

அந்தத் தடுப்புக்கு இரண்டு பக்கமும் அல்லாடியது என் வண்டிதான். இன்ஜின் தட்டுகிறது என்று போனால் எலக்ட்ரீஷியன் பொறியைக் கொஞ்சம் பிந்தி விழ வைப்பார். தட்டுவது நிற்கும், ஆனால் வண்டி இழுக்காது, பெட்ரோலைக் குடிக்கும். மெக்கானிக்கிடம் சொன்னால் பெட்ரோலைக் குறைப்பார். பெட்ரோல் குறைந்ததும் இன்ஜின் சூடேறி மறுபடி தட்டும். திரும்பவும் எலக்ட்ரீஷியன். "பெட்ரோல ஒழுங்கா விட்டா ஏன் தட்டுது?" என்பார் இவர். "நெருப்பு நேரத்துக்கு விழுந்தா நான் ஏங்க கொறைக்கிறேன்?" என்பார் அவர். இரண்டு பேர் சொல்வதும் சரி. வண்டி மட்டும் சரியில்லை.

இப்படி இருக்கும்போதுதான் பக்கத்து வீட்டு நானாவுக்கு வளைகுடா விசா வந்தது. அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அத்தா, எங்கள் தெருவுக்கே நானா, அதாவது அண்ணன். முன்பு ஒருமுறை வந்த விசா கைநழுவி, மனிதர் ஒடிந்துபோயிருந்தார். இந்த முறை மெட்ராஸில் விமானத்தைப் பிடித்தே ஆகவேண்டும். ஆனால் அந்த வாரம்தான் திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி. ஊரில் ஒரு வாடகைக் கார் மிச்சமில்லை, பஸ்ஸெல்லாம் பிதுங்கி வழிந்தன.

"உன் வண்டி கொதிக்கும்னு தெரியும் தம்பி. என்ன பண்றது, ரெண்டு கொடம் தண்ணி எடுத்துக்குவோம்" என்றார் நானா. அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

புறப்பட ஒரு நாள் இருக்கும்போது நானாவையும் அழைத்துக்கொண்டு போய், கீற்றுத் தடுப்பின் முனையில், இரண்டு கொட்டகைக்கும் பொதுவாக வண்டியை நிறுத்தி பானட்டைத் திறந்தேன். "ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு பாத்தாத்தான் ஆகும். இது நானாவோட பொழப்பு" என்றேன். இருவரும் என்னை முறைத்தார்கள்.

"உங்க சண்டைக்குள்ள நான் வரல. நாளைக்கு ஏரோப்ளேன் எனக்காக நிக்காது. அதுக்கு மட்டும் வழி பண்ணுங்க" என்றார் நானா.

ஆளுக்கொரு பக்கம் வந்து நின்றார்கள். நான் இன்ஜினைப் போட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பானட் மறைத்ததால் யாரும் தெரியவில்லை, குரல் மட்டும்தான்.

"பெட்ரோலக் கூட்டியாச்சான்னு கேளுங்க நானா."

"கூட்டியாச்சுன்னு சொல்லுங்க."

கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவர்களுக்கு நடுவில் நானா தபால்காரர் வேலை பார்த்தார். ஒன்று விடாமல் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அவர் குரல் குறைந்தது. பிறகு கேட்கவே இல்லை.

"இன்னும் கொஞ்சம்."

"இரு, இரு. இதை அரைச் சுத்து விட்டுட்டு வர்றேன்."

"அதிகம். பின்னால வா... ஆங், விடாத!"

நானா மெல்ல என் ஜன்னல் பக்கம் வந்தார். காலை எடுத்துவிடாதே என்று கையால் சைகை காட்டினார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். இன்ஜின் சத்தம் மெள்ள மெள்ள இறங்கி, ஒரே சீராக நின்றது. வாங்கிய நாளிலிருந்து அந்த வண்டியில் நான் அப்படியொரு சத்தத்தைக் கேட்டதில்லை.

சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தேன். அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது போலிருக்கிறது.

"பாலம் வரைக்கும் ஓட்டிப் பாக்கணும். அவரையும் வரச் சொல்லுங்க நானா" என்றார் எலக்ட்ரீஷியன்.

மெக்கானிக் கையைத் துடைத்தபடி சொன்னார்: "எனக்குக் காது கேக்குதுன்னு சொல்லுங்க."

இருவரும் பின்சீட்டில் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அரசலாற்றுப் பாலத்தில் வண்டி தட்டாமல் ஏறியது. அவர்கள் பிறகு எப்படி ராசியானார்கள் என்று எனக்குத் தெரியாது. கீற்றுத் தடுப்பைப் பிரிக்கவில்லை. ஒரு ஆள் நுழைகிற மாதிரி வழி மட்டும் விட்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் புறப்பட்டோம். வாசலில் நானாவின் மனைவியும் பிள்ளைகளும் நின்றார்கள். நானா அவசர அவசரமாக ஏறினார். "நேரமாச்சு, வழியில என்ன ஆவுமோ" என்று கதவைச் சாத்திக்கொண்டார். என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, சூடு காட்டும் முள்ளை விட்டு அவர் கண்ணை எடுக்கவே இல்லை. தரங்கம்பாடி போனது, சீர்காழி போனது. முள் நடுவிலேயே நின்றது. கொள்ளிடம் பாலத்தைத் தாண்டியதும், "பாத்தீங்களா நானா!" என்று வெற்றியோடு திரும்பினேன்.

அவர் அழுதுகொண்டிருந்தார்.

"வண்டி போய்ச் சேருமாங்கிற நெனப்புலயே இருந்துட்டேன் தம்பி. புள்ளைங்க மொகத்தக்கூட சரியாப் பாக்காம ஏறிட்டேன்."

திருப்பட்டுமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். "வேணாம். நீ ஓட்டு" என்றார். மெட்ராஸ் வரைக்கும் அந்த வண்டி ஒரு முறைகூடத் தட்டவில்லை. எங்கேயாவது நின்று தொலைத்தால் தேவலை என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக நினைத்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேரை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். யார் அவசரமாக வந்து ஏறினாலும் உடனே வண்டியை எடுப்பதில்லை. "வண்டி நல்லா இருக்குங்க, நேரத்துக்குப் போயிடலாம், ஒரு தடவை உள்ள போய்ப் பாத்துட்டு வாங்க" என்று சொல்லி இறக்கிவிடும்போதெல்லாம், நானாவுக்கு நான் கொடுக்கத் தவறிய அந்த ஒரு நிமிஷத்தைத்தான் வேறு யாருக்கோ கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றும்.