இறங்காத சுருதி

அத்தையின் தம்புராவைப் பெரியப்பா யாருக்கோ தூக்கிக் கொடுத்த வருஷம்தான் நான் ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங் அயர்னால் முதன்முதலாகக் கையைச் சுட்டுக்கொண்டேன். எழுபதுகளின் பிற்பகுதி அது. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்புறம் எங்கள் கூட்டுக் குடும்பம். அத்தை புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டவள். பாட்டுதான் அவள் குடித்தனத்தைக் கெடுத்தது என்பது பெரியப்பாவின் தீர்ப்பு. அப்பா உட்பட யாரும் மேல்முறையீடு செய்யவில்லை.

பழைய ரேடியோக்களைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்த என்னிடம் அத்தை ஒருநாள், "எனக்குச் சுருதி மட்டும் விடாம கேக்கணும்டீ. செல் போட்டுப் பண்ணு. சுவத்துல சொருகினா அன்னிக்கே பிடுங்கிடுவார்," என்றாள்.

இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு சின்ன ஸ்பீக்கர், நாலு டார்ச் செல். மரப்பெட்டிக்குள் வைத்து மூடியபோது எனக்கே நம்ப முடியவில்லை, அப்படியொரு ஷட்ஜம். நவராத்திரியில் கொலுவுக்கு முன்னால் அத்தை பாட உட்கார்ந்தாள். அதற்குள் தினமும் சாதகம் செய்து செல்கள் களைத்திருந்தன. பாடப் பாடச் சுருதி மெல்ல இறங்கியது. அத்தையும் கூடவே இறங்கிப் பார்த்தாள். ஓரிடத்துக்கு மேல் முடியாமல் பாதியில் நிறுத்தினாள். சுண்டலுக்கு வந்திருந்த மாமிகள் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். "பொம்மையோட சேத்து இதையும் பரண்ல போடு," என்றார் பெரியப்பா.

போடவில்லை. மவுண்ட் ரோடு பக்கம் ரேடியோ சாமான் விற்கும் சந்துக்குப் போனேன். பாவாடை தாவணியில் அங்கே வந்தவள் நான் ஒருத்திதான். கடைக்காரர் மூன்று கால் முளைத்த கறுப்புப் பூச்சி போன்ற ஒன்றை எடுத்துக் காட்டினார். "ரெகுலேட்டர் பாப்பா. புச்சா வந்துகீது. செல்லு எறங்குனாலும் இது அஞ்சு வோல்ட்டுதான் குடுக்கும்."

கொடுக்கவில்லை. என் நாலு செல்லும் சேர்ந்தே ஆறு வோல்ட்தான். அதில் ஏறக்குறைய இரண்டு வோல்ட்டை அந்தப் பூச்சி தன் சாப்பாட்டுக்கு எடுத்துக்கொண்டது. திரும்பப் போய்ச் சொன்னபோது, "இன்னும் ரெண்டு செல்லு சேத்துக்கோ. இதுக்குப் போய் இன்னா யோசிச்சுகினு கீற?" என்றார். சேர்த்தால் பெட்டி கனக்கும். ஏழு வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதுமே, பாதி உயிரோடிருக்கும் செல்களைத் தூக்கியெறிய வேண்டும். மாட்டேன் என்று வந்துவிட்டேன்.

எனக்கு வேண்டியது, தனக்கென்று கொஞ்சமே எடுத்துக்கொள்ளும் ரெகுலேட்டர். அது கடையில் இல்லை. வாடகை நூலகத்தின் ரேடியோ பத்திரிகைகளைப் புரட்டிப் புரட்டி, மூன்று வோல்ட் மட்டும் கொடுக்கும்படி நானே கட்டினேன். மின்சாரம் போகும் வழியில் வழக்கமான டிரான்சிஸ்டருக்குப் பதிலாக அதன் எதிர் ரகத்தை, பி.என்.பி.யைப் போட்டால், அது கால் வோல்ட்டில் காலம் தள்ளிவிடும். கட்டி முடித்ததும் பெட்டி பேய் மாதிரி ஊளையிட்டது. வெளியேறும் வழியில் பெரிய கண்டென்சர் ஒன்றை வைத்த பிறகுதான் அடங்கியது. கடைசியாக, இனி எரியாது என்று பெரியப்பா குப்பையில் போட்ட டார்ச் செல்களைப் பொறுக்கிப் போட்டுப் பார்த்தேன். சுருதி அசையவே இல்லை.

தை மாதம் தி.நகரில் பெரியப்பா பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். தட்டு மாற்றியானதும் பிள்ளையின் அம்மா, "யாராவது ஒரு பாட்டுப் பாடுங்கோளேன்," என்றாள். பார்வைகள் அத்தையிடம் போயின.

"அவளுக்குத் தொண்டை சரியில்லை," என்றார் பெரியப்பா முந்திக்கொண்டு.

"தொண்டைக்கு ஒண்ணுமில்லை," என்று அத்தை நடுக்கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் பெட்டியைக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் வைத்தேன். பெரியப்பா என் காதருகே குனிந்தார். "நடுவுல எறங்கி மானத்தை வாங்கப்போறது. எடுத்துண்டு போ."

கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: "எறங்காது பெரியப்பா. உள்ள இருக்கறது நீங்க குப்பையில போட்ட செல்தான்."

யாரும் சிரிக்கவில்லை. அத்தை கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறவள், அன்று மூடவில்லை. தன் அண்ணாவையே, பெரியப்பாவையே, பார்த்தபடி பாடினாள். ஒரு பாட்டு முடிந்ததும் பெரியப்பா, "போறும்," என்றார். அத்தை அடுத்ததை ஆரம்பித்தாள். பெட்டி இம்மியும் இறங்கவில்லை.

கொஞ்ச நாளில் அவளே ராயப்பேட்டையில் பாட்டு டீச்சர் வேலை தேடிக்கொண்டு, பெண்கள் விடுதிக்குப் போய்விட்டாள். ரிக்ஷாவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. ஜெயித்தவள் எதற்காகப் போக வேண்டும்?

அன்று சாயங்காலம் அம்மா கூடத்தில் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பெரியப்பா வெளியே போகும்வரை காத்திருந்து, தலை நிமிராமல் கேட்டாள்: "அந்த மாதிரி இன்னொண்ணு பண்ண முடியுமாடீ?"

"யாருக்கும்மா? இனிமே நம்மாத்துல யார் பாடறா?"

அம்மா அரிவாள்மணையை மடக்கி வைத்தாள். பால் பொங்கறதா பாக்கறேன் என்று எழுந்து உள்ளே போனாள். அடுப்பில் பால் இல்லை. இந்த வீட்டில் பாட்டு அத்தைக்கு மட்டும்தான் என்று அதுவரைக்கும் நினைத்திருந்தேன்.