வண்டி கொடுத்த கரன்ட்

நெய்வேலி குவார்ட்டர்ஸில் நான் வளர்ந்த வருஷங்களில் கரன்ட் போனது ஒன்றிரண்டு தடவைதான். போன அன்று அக்கம்பக்கத்தார் எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். "என்ன சார், இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று சிரிப்பார்கள். அப்பா அனல் மின் நிலையத்தில் ஷிப்ட் பார்த்தவர். தானே ஸ்விட்சை அணைத்துவிட்ட மாதிரி கூச்சப்படுவார். வேப்பமரம், ஷிப்ட் சைரன், தெருவெல்லாம் விளக்கு. இருட்டு என்பதே அங்கே எங்களுக்குத் தெரியாது.

அவர் ரிட்டயர் ஆனதும் காடாம்புலியூர் பக்கம் வீடு கட்டிக்கொண்டு வந்தோம். போன வருஷம் நான் மின்சாரக் கார் வாங்கினேன். வீட்டிலேயே சார்ஜ் ஏற்றலாம். கரன்ட் போனால் வண்டியிலிருந்து வீட்டுக்குத் திருப்பி எடுக்கலாம்.

"குடிச்சதைத் திருப்பிக் குடுக்குமா?" என்று அப்பா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

ஐப்பசியில் ஒரு புயல். முந்திரி மரங்கள் கம்பி மேல் சாய்ந்து, காலையிலேயே ஊர் முழுக்கக் கரன்ட் இல்லை. மத்தியானம் எதிர்வீட்டுக்காரம்மா, மூச்சுத் திணறும் மகளையும் ஒரு மிஷினையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஆவி வைக்கிற மிசினு ஓடலீங்க. காலையிலேர்ந்து இழுத்துகினே இருக்கா. உங்க வூட்டு வண்டியில ஓடுமாங்க?"

நான் ஒயரைச் செருகப் போனேன். அப்பா கையைப் பிடித்துக்கொண்டார்.

"மெயினைப் பிரிச்சியா?"

"அது தானாவே பிரிச்சுக்கும்ப்பா."

"நீ பாத்தியா?"

பார்க்கவில்லை. மீட்டர் பெட்டிக்கு ஓடி மெயினை இறக்கிவிட்டு வந்த பிறகுதான் ஒயரைச் செருக விட்டார். மிஷின் ஓடியது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணுக்கு மூச்சு சீராகி, அம்மா மடியிலேயே தூங்கிப்போனாள்.

அப்பா மெதுவாகச் சொன்னார்: "டவுன்ஷிப்ல ஒரு கல்யாண வீட்டுல மெயினைப் பிரிக்காம ஜெனரேட்டர் ஓட்டிட்டாங்க. அந்தக் கரன்ட் திரும்பி லைனுக்குப் போயிடுச்சு. கம்பத்துல ரிப்பேர் பாத்துட்டிருந்தவன் முன்னாடி என்கூட ஷிப்ட்ல இருந்தவன். லைன்ல கரன்ட் இல்லேன்னு நம்பித்தான் ஏறினான்."

எனக்கு அந்த நாள் நினைவிருக்கிறது. யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஆபீசர் திட்டியிருப்பார் என்று நானும் தம்பியும் பேசிக்கொண்டோம்.

மறுநாள் லைன்மேன் வந்து எங்கள் தெருக் கம்பத்தில் ஏறினார். தூறலில் குடை பிடித்தபடி, அவர் இறங்கும்வரை அப்பா கீழேயே நின்றார். இறங்கியதும், "டீ சாப்பிடறீங்களா தம்பி?" என்று கேட்டார்.