சாம்பலில் ஊற்றிய தண்ணீர்

மாடியில் இருந்தவர்கள்: மேஸ்திரி நான். காண்ட்ராக்டர். அவருடைய சூபர்வைசர். சென்டரிங் வேலைக்காரர்கள் இரண்டு பேர். அங்கன்வாடியில் சமைக்கும் கன்னியம்மா.

சூளூர்பேட்டைக்குக் கிழக்கே, உப்பு ஏரிக்கரைக் குப்பம். அங்கன்வாடிக்குப் புதுக் கூரை போட்டு அன்று ஐந்தாம் நாள்.

பழைய கூரை ஏன் போனது? உப்புக் காற்று. உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதிவிட்டது. ஒரு காலையில் தேங்காய் அளவுக் காரை பெயர்ந்து கன்னியம்மாவின் தோளில் விழுந்தது. பிள்ளைகள் அன்று வாசலில் இருந்தார்கள். உள்ளே இருந்திருந்தால்... கன்னியம்மாவுக்கு அந்தக் கை இன்னும் முழுதாக மேலே போவதில்லை.

அதனால்தான் இந்த முறை சாம்பல் சிமெண்ட்.

நான் எழுதும் இந்தப் பத்தியை வழக்கமாகப் படிக்கும் ஒருவர் போன வாரம் கேட்டிருந்தார் — அனல் மின் நிலையக் குப்பையைக் கலந்து நம் தலையில் கட்டுகிறார்களே, இது ஏமாற்று இல்லையா என்று. இல்லை. நான் படித்தது ஐந்தாவது. கையால் தெரிந்ததைச் சொல்கிறேன். சிமெண்ட் இறுகும்போது கொஞ்சம் சுண்ணாம்பு மிஞ்சும். சாம்பல் அதோடு சேர்ந்து உள்ளே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகளை அடைக்கும். உப்பு கம்பியிடம் போக வழி இருக்காது. ஆனால் சாம்பல் மெதுவாக வேலை செய்யும். அதுவரை ஈரம் வேண்டும். பதினாலு நாள்.

குப்பத்தில் போர் தண்ணீர் உப்பு. அதை ஊற்றினால் திருடனைக் கூப்பிட்டுச் சாவி கொடுத்த கதை. நல்ல தண்ணீர் டேங்கரில்தான் வரவேண்டும். தினம் ஒன்று.

ஐந்தாம் நாள் காண்ட்ராக்டர் நாளை முதல் டேங்கர் வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டேன். காலி மூட்டையைக் காலால் புரட்டி, அதில் சாம்பல் என்று அச்சடித்திருந்ததைக் காட்டினார்.

"பூடிதலோ போசின பன்னீரு, மேஸ்திரி."

தெலுங்குப் பழமொழி. சாம்பலில் ஊற்றிய பன்னீர். வீண் என்று அர்த்தம். சூபர்வைசர் சிரித்தார். சென்டரிங்காரர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பேச்சுக்குச் சொன்னதை வேலைக்குச் சட்டமாக்குகிறான் மனுஷன். சாம்பலுக்குத் தண்ணீர் வீணாம்! வேலை நடக்கும் இடத்தில் ஒருவர் பழமொழி சொன்னால் அவர் வாயைப் பார்க்காதீர்கள். கையைப் பாருங்கள். எதையோ நிறுத்தப் போகிறார்.

கன்னியம்மா சிரிக்கவில்லை. அவர்கள் இறங்கிப் போனபிறகு என்னிடம் வந்தாள்.

"இன்னும் எத்தினி நாளு ஊத்தணும்?"

ஒன்பது என்றேன்.

"பன்னீரு எங்க வூட்ல இல்ல, மேஸ்திரி. குடிக்கிற தண்ணிதான் கீது. ஆவுமா?"

ஆகும் என்றேன்.

குடிதண்ணீர் அங்கே ஒருநாள் விட்டு ஒருநாள். பன்னிரண்டு வீடு. காலையில் வீட்டுக்கு ஒரு குடம், சாயந்திரம் ஒரு குடம் என்று பேசி முடித்தாள். ஈரம் நிற்கக் கூரைமேல் பரப்புவதற்குச் சாக்கு கொண்டுவந்தார்கள். முகர்ந்து பார்த்தேன். கருவாட்டுச் சாக்கு! உப்பை நாமே கூரைக்கு ஏற்றுவதா? திருப்பி அனுப்பினேன். முனகிக்கொண்டே போய்ப் பழைய புடவைகளோடு வந்தார்கள். என் மருமகளுக்குக்கூட இந்தப் புடவையைத் தரவில்லை, மேஸ்திரி கேட்டதும் கூரைக்குக் கட்டிவிட்டேன் என்று ஒருத்தி சொல்ல, அன்று நன்றாகவே சிரித்தோம்.

கன்னியம்மா ஒரு கையால்தான் குடம் தூக்குவாள். ஒவ்வொரு குடத்துக்கும் சமையல்கட்டுச் சுவரில் ஒரு கரிக்கோடு. ஏன் என்று கேட்டேன். எந்த வீடும் ஏமாற்றக்கூடாதாம்.

ஒரு வீடும் ஏமாற்றவில்லை. குடிக்கத் தண்ணீர் போதாமல் ஒரு வீட்டில் இரண்டு நாள் சோறு வடிக்கவில்லை. பன் வாங்கித் தின்றார்கள். அந்த வீட்டுக் குடமும் வந்தது.

பதினைந்தாம் நாள் இன்ஜினியர் வந்தார். புடவையை விலக்கிப் பார்த்தார். கூரை கறுத்து, ஈரமாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. வேலை சுத்தம் என்று காண்ட்ராக்டரைத் தட்டிக்கொடுத்தார். அவரும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார்! கன்னியம்மா கீழே பருப்பு கடைந்துகொண்டிருந்தாள்.

சூபர்வைசர் சைட் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். டேங்கர் பதினாலு என்று எழுதியிருந்தது. மேஸ்திரி கையெழுத்து வேண்டுமாம்.

"போடு மேஸ்திரி. கூரதான் நல்லா வந்துகீதே, உனக்கு இன்னா நஷ்டம்?"

எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. புத்தகத்தோடு சமையல்கட்டுக்குப் போனேன். சுவரில் இருந்த கோடுகளை எண்ணினேன். இரண்டாம் முறையும் எண்ணினேன். அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடவில்லை. அந்த வரியை அடித்துவிட்டு, அதன் கீழே, நடந்ததை எழுதி அங்கே கையெழுத்துப் போட்டேன்.

டேங்கர், ஐந்து. குடம், இருநூற்றுப் பதினாறு.