கண்ணை ஏமாற்றிய நீலம்

ஆய்வகத்தில் அவரை நூலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குற்றம் நடந்த இடங்களிலிருந்து வரும் துணி இழைகளைப் பார்ப்பது அவர் வேலை. கண்ணுக்கு எட்டாத ஒரு துணுக்கைக் கொடுத்தால் போதும், பருத்தியா, நைலானா, பாலியெஸ்டரா, எந்த மாதிரித் துணியிலிருந்து உதிர்ந்திருக்கும் என்று சொல்லிவிடுவார். அதற்கு முன் ஆறு வருடம் சாயப் பட்டறையில் நிறம் ஒப்பிடும் பிரிவில் இருந்தவர். அந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. யார் வந்தாலும் பேசிக்கொண்டே அவர்கள் சட்டை ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்ப்பார்.

“வந்தவங்களுக்கு முதல்ல தண்ணி குடுங்க அண்ணி. விசாரணையை அப்புறம் வச்சுக்கலாம்” என்று நாத்தனார் கிண்டல் செய்வாள்.

பதினோரு வருடத்தில் அவர் எழுதிய அறிக்கை எதுவும் கோர்ட்டில் தடுமாறியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அப்போதுதான் அந்த வழக்கு வந்தது. சைக்கிளில் வேலைக்குப் போன ஒருவரைப் பின்னாலிருந்து ஏதோ வண்டி இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. தொடை எலும்பு முறிந்து அவர் மருத்துவமனையில் கிடந்தார். வண்டியை அவர் பார்க்கவே இல்லை. அந்த நேரத்தில் ஒரு வெள்ளை வேன் அந்தப் பக்கம் போனதாக ஒரு கடைக்காரர் சொன்னார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன் அது. அதன் முன்பக்க பம்பரில் ஒரு விரிசல், விரிசலுக்குள் நீல இழைகள். அடிபட்டவர் போட்டிருந்ததும் நீலக் கால்சட்டை.

நூலக்கா இரண்டு இழைகளையும் நுண்ணோக்கியில் அருகருகே வைத்துப் பார்த்தார். இரண்டும் பாலியெஸ்டர், ஒரே தடிமன், ஒரே நீலம். சாயத்தைத் துல்லியமாக அளக்கும் கருவி பழுதுபார்க்கப் போயிருந்தது. போலீஸிலிருந்து தினமும் போன். “ஒத்திருக்கின்றன” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கருவியில் அளக்கவில்லை என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தார். அந்த வரியை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. வேன் டிரைவரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள்.

பதினாறு நாள் கழித்துக் கருவி வந்தது. சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, கைக்குக் கிடைத்த கண்ணாடித் தகட்டை வைத்தார். அது வேனில் எடுத்த இழை. அடுத்து கால்சட்டை இழை. திரையில் இரண்டு கோடுகள் வந்தன. ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டிய கோடுகள் பாதி தூரம் சேர்ந்தே போய், அதற்கப்புறம் ஒன்று இறங்க, மற்றது ஏறியது. தகடுகளை மாற்றி வைத்தார். வேறு இழைகளை எடுத்து வைத்தார். கோடுகள் மறுபடியும் பிரிந்தன. கண்ணுக்கு ஒரே நீலம், சாயம் வேறு வேறு.

சான்றுப் பொருள்கள் வைக்கும் அறைக்குப் போய் பம்பரை இறக்கச் சொன்னார். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தபோது, காய்ந்த சேற்றில் துணி அழுந்திய தடம் தெரிந்தது. குறுக்கும் நெடுக்குமாகப் போன சாதாரண நெசவு, முரட்டு நூல். கால்சட்டைத் துணியிலோ சாய்வு வரிகள் ஓடின. இழை கிடைத்த சந்தோஷத்தில் அன்று சேற்றை அவர் பார்க்கவே இல்லை.

நேரே பிரிவுத் தலைவரின் அறைக்குப் போனார்.

“சார், நான் தப்புப் பண்ணிட்டேன்.”

அவர் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். “ஒத்திருக்குன்னுதானே எழுதியிருக்கீங்க? அதே துணின்னு சொல்லலையே.”

“சொல்லலை சார். ஆனா அப்படித்தானே எடுத்துக்கிட்டாங்க. ஒரு மனுஷன் உள்ள உட்கார்ந்திருக்காரு.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நூலக்கா தன் வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டார்.

“அறிக்கையை வாபஸ் வாங்குறோம்னு இன்னிக்கே கடிதம் போயிடணும். நீங்க எழுதுங்க, நானும் கையெழுத்துப் போடுறேன். அது சரி, பம்பர்ல இருக்குறது என்ன துணி? அதையும் கண்டுபிடிங்க. இல்லைன்னா நம்ம மாத்தி மாத்திப் பேசுறோம்பாங்க.”

மறுநாள் இன்ஸ்பெக்டருடன் டிரைவர் வீட்டுக்குப் போனார். வாசல் சுவர்மேல் மடித்துப் போட்டிருந்த நீலத் துணியைப் பார்த்ததும் அவர் கை தானாக அதன் ஓரத்தைத் தேய்த்தது.

“இது என்னம்மா?”

“வேனுக்குப் போர்த்துற துணிங்க” என்றாள் டிரைவரின் மனைவி. “மழையில நனைஞ்சா பம்பரோட ஒட்டிக்கும். காலையில உருவினா அந்த விரிசல்ல மாட்டிக்கிட்டு உசுரை வாங்கும்.”

இன்ஸ்பெக்டர் திரும்பி வேறு பக்கம் பார்த்தார்.

இந்த முறை கோடுகள் கடைசிவரை பிரியவில்லை. சேற்றுத் தடத்தின் நெசவும் போர்வைத் துணியின் நெசவும் நூலுக்கு நூல் சரியாக இருந்தன. கால்சட்டையை மறுபடி அலசியதில் மடிப்புக்குள் சிவப்புப் பெயின்ட் துகள் ஒன்று கிடைத்தது. வெள்ளை வேனில் சிவப்பு ஏது? போலீஸார் பட்டறை பட்டறையாகத் தேடி, முன்விளக்கு மாற்ற விட்டிருந்த ஒரு சிவப்புக் காரைப் பிடித்தார்கள். அதன் சொந்தக்காரர் அன்றே ஒப்புக்கொண்டார். இருபத்து மூன்றாம் நாள் டிரைவர் வெளியே வந்தார்.

போர்வையைத் திரும்ப வாங்க அவர் மனைவி ஆய்வகத்துக்கு வந்தாள். “உங்களாலதாம்மா வெளிய வந்தாரு” என்று நூலக்காவின் கையைப் பிடித்தாள்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நூலக்காவால் முடியவில்லை. “முதல் அறிக்கையை எழுதினதும் நான்தாங்க. அவர் உள்ள போனதும் என்னாலதான்.”

அந்தப் பெண் கையை விட்டாள்.

“சின்னவ பள்ளிக்கூடம் போகமாட்டேன்னு அழுதாம்மா. மத்தப் பிள்ளைங்க கேலி பண்ணுதாம்.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “கோவமாத்தான் இருக்கு. இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா நீங்களே வந்து தேடலைன்னா அவரு இன்னும் அங்கதானே இருந்திருப்பாரு? இப்ப வீட்டுல தூங்குறாரு. எழுப்பாதேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்.”

நூலக்கா அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். ஒரு வாரமாகச் சோறு இறங்காமல் இருந்தவர், இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டார். பட்டப்பகலில் படுத்துவிட்ட மனைவியின் நெற்றியைக் கணவர் தொட்டுப் பார்த்தார்.

“காய்ச்சலா?”

“தூக்கம்” என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார் நூலக்கா.