யாரு உள்ள வந்தாலும் எழுதணும்

நீச்சல் சொல்லிக் குடுக்கிறவரு தண்ணியில இறங்கித்தான் ஆகணும், சமையல் சொல்லிக் குடுக்கிறவங்க அடுப்பைப் பத்த வச்சுத்தான் ஆகணும். எழுதச் சொல்லிக் குடுக்கிற வாத்தியாருக்கு மட்டும் ஒரு சிவப்புப் பேனா இருந்தாப் போதும்னு எந்த மகராசன் முடிவு பண்ணினானோ தெரியல.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவுல ரோட்டோரமா இருக்கு எங்க கல்லூரி. முதல் வருசப் பிள்ளைங்க எல்லாருக்கும் வாரத்துக்கு ஒரு பீரியட் எழுத்துப் பயிற்சி. எதையும் பார்த்து எழுதாம, தமிழ்ல, சொந்தமா எழுதணும். அதை நடத்துற பொறுப்பு என் தலையில. பிள்ளைங்களைக்கூடச் சமாளிச்சிரலாம். சொல்லிக் குடுக்கிற வாத்தியார்களைத் தாங்கிப் பிடிக்கிறதுதான் பெரும்பாடு. விடைத்தாள் திருத்தியே விரல் மரத்துப்போன சக ஆத்மாக்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்ல.

நான் வச்ச விதி ஒண்ணே ஒண்ணுதான். வகுப்புக்குள்ள யாரு வந்தாலும் எழுதணும். தலைப்புக் குடுக்கிற வாத்தியார் முதல்ல கரும்பலகையில எழுதணும், பிள்ளைங்க பார்க்கப் பார்க்க அதை அடிச்சுத் திருத்தணும். இந்த விதியால எனக்குப் பின்னால வச்ச பட்டப்பேரு என்னன்னு நான் விசாரிக்கல.

போன செமஸ்டர் தொடக்கத்துல முதல்வர் என்னைக் கூப்பிட்டாரு. நல்ல மனுசன், சுத்தி வளைக்க மாட்டாரு. "மேடம், வேலைவாய்ப்புப் பயிற்சிக்கு நேரம் பத்தல. உங்க பீரியடை அவங்களுக்குக் குடுத்துரலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னால ஒரு வகுப்புல வந்து உட்கார்ந்து பார்க்கிறேன், பார்த்துட்டு முடிவு சொல்றேன்"ன்னாரு. பீரியட் போனா எனக்கு ஒண்ணுமில்ல, வேற வகுப்பு இருக்கு. போறது செல்விக்கு. மம்சாபுரத்துல இருந்து பஸ் ஏறி வர்ற பொண்ணு, இந்தப் பீரியடுக்குன்னே எடுத்த தற்காலிக ஆசிரியை. படிச்சு முடிச்சு, கல்யாணமாகி, வீட்டோட கிடந்து, இப்பத்தான் முதல் வேலை. "ஒரு வருசம் போய்ப் பாரு, சரிப்படலைன்னா பேசாம வீட்ல இரு"ன்னு மாமியார் சொல்லித்தான் அனுப்பியிருக்காங்க. அதனால முதல்வர் சொன்னதை அந்தப் பொண்ணுகிட்ட நான் மறைக்கல. கேட்டுட்டு, "சரிங்க மேடம்"னு மட்டும் சொல்லுச்சு.

பஸ் வந்தது, ஏறினேன்

ஆள் பத்தாம வணிகவியல் துறையில இருந்து தங்கராஜ் சாரை எனக்குக் குடுத்தாங்க. காரணம் கேட்டேன், வெள்ளிக்கிழமை அவருக்கு ப்ரீ பீரியட்னாங்க. சுத்தமான மனுசன், சட்டை மடிப்புக்கூடக் கலையாது. முதல் வகுப்புல 'காலையில் நான் வந்த பஸ்'னு தலைப்புக் குடுத்துட்டு, விதிப்படி கரும்பலகையில எழுதினாரு. ஒண்ணு, பஸ் வந்தது. ரெண்டு, ஏறினேன். மூணு, இடமில்லை. நாலு, கல்லூரியில் இறங்கினேன். கீழ ரெண்டு கோடு வேற இழுத்துட்டாரு.

பிள்ளைங்க விடுமா? "நடுவுல என்ன ஆச்சு சார், யாரு காலையாவது மிதிச்சீங்களா, கண்டக்டர் ஏதும் சொன்னாரா?"ன்னு பிடிபிடின்னு பிடிச்சுட்டாங்க. பீரியட் முடிஞ்சதும் வேகமா என் அறைக்கு வந்து நின்னாரு. முகம் சிவந்து போயிருந்துச்சு. சும்மா ரெண்டு வரி கூடப் போட்டு எழுதுனா என்ன சாருன்னு கேட்டேன். அதுக்கு அவர் சொன்னாரு: "எனக்கு நடந்ததே அம்புட்டுத்தான் மேடம். நடக்காததைச் சேர்த்து எழுதச் சொன்னீங்கன்னா, எங்க துறையில அதுக்குப் பேரு கள்ளக்கணக்கு."

எல்லாரும் இழுத்த தேர்

செல்வி குடுத்த முதல் தலைப்பு 'நான் பார்த்த திருவிழா'. ஊரே ஆடிப்பூரத் தேருக்குப் போயிட்டு வந்த நேரம், அதனால கொட்டித் தீர்த்துருவாங்கன்னு அந்தப் பொண்ணு நம்பிருச்சு. தாளை எல்லாம் அள்ளிக்கிட்டு வந்து என் மேசையில போட்டு, "நீங்களே படிச்சுப் பாருங்க மேடம்"னுச்சு. படிச்சேன். எல்லாத்துலயும் மக்கள் வெள்ளம் கடலெனத் திரண்டது. எல்லாத்துலயும் வானம் பன்னீர் தூவியது. முன்னுரை, பொருளுரை, முடிவுரைன்னு மூணு பாகம், அடிக்கோடு உட்பட. பள்ளிக்கூடத்துல கைடு பார்த்து மனப்பாடம் பண்ணின கட்டுரையை, ஒரு பிள்ளைகூட மறக்காம அப்படியே இறக்கி வச்சிருந்துச்சு. என்னத்தைப் பண்றது, அம்புட்டு ஞாபகசக்தி.

அதுல ஆயிஷான்னு ஒரு பொண்ணு. அதுவும் தேர் வடத்தைத் தொட்டு மெய்சிலிர்த்ததா எழுதியிருந்துச்சு. செல்வி கூப்பிட்டு, "ஏம்மா, நெசமாவே நீ தேர் இழுத்தியா?"ன்னு கேட்டுச்சு. அந்தப் பொண்ணு கூச்சமே இல்லாமப் பதில் சொல்லுச்சு: "நான் எங்க மிஸ் இழுத்தேன்? தேர் அன்னைக்கு எங்க அத்தா சர்பத் கடை போடுவாங்க, நான் காலையில இருந்து டம்ளர் கழுவினேன். டம்ளர் கழுவுறதெல்லாம் கட்டுரையில வரும்னு யாரும் சொல்லித் தரலையே!"

ராஜினாமாவுக்கு ஒரு முன்னுரை

அடுத்த வாரம் செல்வி 'நான் கழுவின பாத்திரம்'னு தலைப்பு மாத்திருச்சு. தலைப்பு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா விதி ஒண்ணு இருக்கே! கரும்பலகைக்கு முன்னால நின்னு ஒரு வரி எழுதுச்சு, அழிச்சுச்சு. மறுபடி எழுதுச்சு, அழிச்சுச்சு. பின்னால யாரோ 'களுக்'னு சிரிச்சிருக்காங்க. அவ்வளவுதான், சாக்பீஸை வச்சுட்டு நேரா என் அறைக்கு வந்து ராஜினாமாக் கடிதம் எழுதிக் குடுத்துருச்சு. கண்ணெல்லாம் கலங்கிப் போய் நிக்குது.

வாங்கிப் பார்த்தேன். 'ஆசிரியப் பணி அறப்பணி. அதற்கே உன்னை அர்ப்பணி'ன்னு தொடங்குது. அட கண்றாவியே! சிரிப்பை அடக்கிக்கிட்டு, "இந்த முதல் பத்தி கைடு, இதை அடிச்சிரு. காரணத்தை மட்டும் எழுதிட்டு வா, வாங்கிக்கிறேன்"னேன். ஓரமா உட்கார்ந்து எழுதுச்சு. 'பிள்ளைங்க முன்னால தப்பா எழுதிருவேனோன்னு பயமா இருக்கு.' அம்புட்டுத்தான். "இது நல்லாருக்கு. இதையே போய்க் கரும்பலகையில எழுது, பொறவு ராஜினாமாவைப் பத்திப் பேசுவோம்"னு திருப்பி அனுப்பிட்டேன். கல்நெஞ்சம்னு நினைக்காதீங்க, எனக்கும் வேற வழி தெரியல.

போய் அதையே எழுதியிருக்கு. சிரிச்ச கும்பல்ல ஒருத்தன், கார்த்தின்னு பேரு, எந்திரிச்சு சமாதானம் சொல்லியிருக்கான்: "எங்களுக்கும் அதே பயந்தான் மிஸ். நீங்க பாட்டுக்கு எழுதுங்க, இனி சிரிக்க மாட்டோம். மீறி யாரும் சிரிச்சா, இந்தா இவனை மட்டும் வெளிய அனுப்பிருங்க."

ரெண்டும் எடக்கை

அதுக்கப்புறம் பிள்ளைங்க எழுத ஆரம்பிச்சாங்க. எழுத ஆரம்பிச்சா என்ன வரும்? வீட்டுச் சண்டை வரும். தளவாய்புரத்துப் பொண்ணு வனிதா, வீட்ல நைட்டி தைக்கிற அவங்கம்மா ஒருநாள் தூக்கக் கலக்கத்துல ஒரு நைட்டிக்கு ரெண்டு கையும் எடப்பக்கத்துக் கையாவே வச்சுத் தச்சதை எழுதி, வகுப்புல வாசிச்சிருச்சு. விழுந்து விழுந்து சிரிச்சிருக்காங்க. எங்க கெரகம், அதே பஸ்ல போற இன்னொரு பொண்ணு அதை ஊர்ல போய்ச் சொல்லிருச்சு.

ரெண்டு நாள்ல அந்தம்மா வந்துட்டாங்க. "செல்வி டீச்சர் யாரு?"ன்னு அவங்க வாசல்ல நின்னு கேட்டதும் செல்வி என் நாற்காலிக்குப் பின்னால ஒண்டிக்கிடுச்சு. முதல்வர் பார்க்க வர்ற நேரத்துல பெத்தவங்க புகார் வேறயான்னு நினைச்சுக்கிட்டு, உட்காருங்கம்மா, தண்ணி குடிங்கம்மான்னு பம்மினேன். தண்ணி எல்லாம் அவங்களுக்கு வேண்டாம். "ஏட்டி பேய்க்கழுதைன்னு அவளை வீட்டுலயே ஏசிட்டேன், அது வேற" அப்படின்னுட்டு, வந்த விசயத்தைச் சொன்னாங்க: "ரெண்டும் எடக்கையாத் தச்சது நெசந்தான் டீச்சர், அதை எழுதட்டும். ஆனா பிரிச்சு மறுக்கத் தச்சு, சரக்கு வண்டி கெளம்புறதுக்குள்ள குடுத்தேன்ல? அந்தப் பாதிய விட்டுப்புட்டா ஊருக்குள்ள எம் பேரு என்னத்துக்கு ஆகும்? மறுபடி எழுதச் சொல்லுங்க."

கடைசி பெஞ்சு

முதல்வர் வந்த வெள்ளிக்கிழமை நானும் வகுப்புல உட்கார்ந்தேன். அவர் கடைசி பெஞ்சுல போய் உட்கார்ந்தாரு. செல்வி கரும்பலகையில தலைப்பை எழுதுச்சு: 'இன்னைக்குக் காலையில வீட்டுல யாரு யாரை ஏசினா?' கீழ தன் கதையை எழுதுச்சு: பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு உலையில அரிசி போட மறந்துட்டேன். வெறும் தண்ணி கொதிக்குது. மாமியார் மூடியைத் தூக்கிப் பார்த்துட்டு, 'நல்லதாப் போச்சு, வடிக்கிற வேலை மிச்சம்'னாங்க. ஒரு வரியை அடிச்சு மாத்தி எழுதுச்சு. யாரும் சிரிக்கக் கூடாதுன்னு பிள்ளைங்க கஷ்டப்பட்டு உட்கார்ந்திருந்தாங்க.

பொறவு ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கிட்டு நேரா கடைசி பெஞ்சுக்குப் போச்சு. "சார், உள்ள வந்தா எழுதணும். மேடம் போட்ட விதி"ன்னுச்சு. நான் மின்விசிறியைப் பார்த்தேன். முதல்வர் என்னைப் பார்த்தாரு, தாளைப் பார்த்தாரு, பையில இருந்து பேனாவை எடுத்தாரு. அவர் பாட்டுக்கு எழுதினாரு. வாசிக்கிற நேரம் வந்துச்சு. நாலஞ்சு பேரு வாசிச்சதும் கார்த்திப் பய வாயை வச்சுக்கிட்டு சும்மா இல்லாம, "மிஸ், கடைசி பெஞ்சுல ஒருத்தர் வாசிக்கல"ன்னுட்டான்.

முதல்வர் எந்திரிச்சு வாசிச்சாரு. 'காலைப்பொழுது இயற்கை அன்னை நமக்கு அளித்த அருட்கொடை. குடும்பம் ஒரு கோயில்.' வகுப்பு மொத்தமும் செல்வியையே பார்க்குது. எந்தப் பிள்ளை இப்படி வாசிச்சாலும் செல்வி என்ன சொல்லும்னு அதுகளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வேண்டாம் தாயி, இன்னைக்கு ஒருநாள் விட்டுரு, வேலையைக் காப்பாத்திக்கன்னு உள்ளுக்குள்ள கும்பிடு போட்டேன். செல்விக்கு முகம் வெளுத்துருச்சு. ஆனா சொல்லிருச்சு: "சார், முதல் பத்தி கைடு. அடிச்சிருங்க. அடுத்ததுல இருந்து வாசிங்க சார்."

அவர் பேனாவைத் திறந்து, குறுக்க ஒரு கோடு இழுத்துட்டு வாசிச்சாரு. 'எங்கப்பா மில்லுல வேலை பார்த்தவர். மில்லை மூடி ரொம்பக் காலம் ஆச்சு. அவருக்கு இப்ப நினைவு சரியில்லை. இன்னைக்குக் காலையிலயும் குளிச்சு, சட்டையைப் போட்டு, தூக்குவாளியைக் கையில எடுத்துக்கிட்டு, ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு வாசல்ல நின்னார். எனக்கும் நேரமாச்சு. அவரை ஏசினேன். அவர் சட்டையைக் கழட்டிக் கொடியில போட்டார்.' அதோட நிறுத்திட்டு உட்கார்ந்துட்டாரு. யாரும் கை தட்டல. பெல் அடிச்சது நல்லதாப் போச்சு.

வெளிய வராந்தாவுல செல்வி என் பக்கத்துலயே நின்னுச்சு. மாமியார்கிட்ட என்ன சொல்றதுன்னு யோசிக்க ஆரம்பிச்சிருக்கும். முதல்வர் தாளை மடிச்சுச் சட்டைப்பையில வச்சுக்கிட்டே வந்தாரு. வேலைவாய்ப்புப் பயிற்சியைப் பத்தி ஒரு பேச்சும் இல்ல. செல்விகிட்டத்தான் சொன்னாரு: "சட்டையைக் கழட்டிப் போட்ட வரைக்குந்தான்மா எழுத முடிஞ்சுது. அதுக்குப் பொறவு அவர் ஒரு வார்த்தை சொன்னாரு, அதை எழுதக் கை வரல. அடுத்த செமஸ்டர்லயும் இந்தப் பீரியட் இருக்கட்டும்."

ஆக, பீரியடும் தப்பிச்சுது, செல்வியும் தப்பிச்சுது; இன்னும் எழுதி முடிச்சுக் குடுக்காம பாக்கி வச்சிருக்கிற ஒரே மாணவர் எங்க முதல்வர்தான், அவர்கிட்ட மட்டும் நாங்க யாரும் கேக்குறதில்ல.