காய்ந்த டப்பா சொல்லியனுப்பியது

தொண்ணூறுகளின் ஒரு கோடையில், ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுப் பின்வாசலில் இரண்டு வனஸ்பதி டப்பாக்களில் ஒரே ஒரு தக்காளிச் செடி நின்றது. அதன் வேரை இரண்டாகப் பிரித்து, டப்பாவுக்குப் பாதியாக இறக்கியிருந்தேன். ஒன்றுக்குத் தினமும் தண்ணீர். மற்றதற்குச் சொட்டுக்கூடக் கிடையாது. தாவரவியல் கடைசி வருட ப்ராஜெக்ட் அது. அதில் தேறாவிட்டால் பட்டம் இல்லை.

காலையில் இலையின் அடியில் நிறமில்லாத நெயில் பாலிஷ் தடவி, காய்ந்ததும் உரித்தெடுத்து, கல்லூரி மைக்ராஸ்கோப்பில் வைப்பேன். இலைத்துளைகளின் அச்சு அதில் விழுந்திருக்கும். ஐந்தாம் நாளிலிருந்து பெரும்பாலான துளைகள் மூடிக்கொண்டன. இலை வாடவே இல்லை. ஈர டப்பாவின் வேர் அதற்கு வயிறார ஊட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் காய்ந்த பக்கத்து வேர், தண்ணீர் குறைகிறது, பார்த்துச் செலவழி என்று மேலே சொல்லியனுப்பியிருக்கிறது. வாயில்லாத வேர். பாடத்தில் படித்ததுதான், இருந்தும் எனக்குப் புல்லரித்தது.

எட்டாம் நாள் மாலை வந்து பார்த்தால் இரண்டு டப்பாவும் ஈரம். லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை போட்ட காலம் அது. எங்கள் லைனில் அரிசி கழுவிய தண்ணீரை யாரும் சாக்கடையில் விடமாட்டார்கள். எந்தச் செடி காய்ந்திருக்கிறதோ அதற்கு ஊற்றுவார்கள். யார் வீட்டுச் செடி என்று பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டு அக்கா பாத்திரத்தோடு நின்றிருந்தார்.

"இன்னா கண்ணு, ஒண்ணு ஈரமா கீது, ஒண்ணு காஞ்சி கீது. பாவமா இருந்துச்சி, ஊத்திட்டேன்."

எனக்கு மூக்கு மேல் கோபம். "உங்கள யாரு ஊத்தச் சொன்னாங்க? என் படிப்பே போச்சு" என்று கத்தினேன். அவர் பாத்திரத்தோடு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் வேண்டாவெறுப்பாகத்தான் அச்செடுத்தேன். மைக்ராஸ்கோப்பில், பார்த்த இடமெல்லாம் துளைகள் திறந்திருந்தன. மண்ணுக்குள் போன அரிசித் தண்ணீர் விடிவதற்குள் இலைக்குத் தெரிந்துவிட்டது. கண்ணை எடுக்க மனம் வராமல் குனிந்தே கிடந்தேன். துளைகள் மூடியதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். வேரில் தண்ணீர் பட்டதும் திறந்ததற்கு ஒரே காரணம்தான்.

ப்ராஜெக்டைப் பார்த்த தேர்வாளர், துளைகள் திறந்ததை நான் எழுதியிருந்த பக்கத்தில்தான் விரலை வைத்தார். "காஞ்ச பக்கத்துக்கு மறுபடி தண்ணி விட்டுப் பாக்கணும்னு யாருக்குத் தோணிச்சு?"

"எனக்குத்தான் சார்" என்றேன்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். "பாஸாயிட்டியா கண்ணு? நான் ஊத்துனதால ஒண்ணும் கெட்டுப்பூடலியே?"

"பாஸாயிட்டேன்க்கா. ஒண்ணும் ஆகல" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.