செதிலனுக்குக் குரல் கொடுத்த மெட்டில்டா அக்கா

பீர்க்கன்கரணையில் எங்கள் தெருக்கோடி வீட்டு மாடியில்தான் சுகுமாரின் கேபிள் ரூம் இருந்தது. மெட்டில்டா அக்கா அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு இரண்டே வேலை. டிவி தெரியவில்லை என்று வரும் போனை எடுக்க வேண்டும். மைக்கில் ஊர்ச் சேதி சொல்ல வேண்டும். காதுகுத்து, ஆடித் தள்ளுபடி, கண்ணீர் அஞ்சலி, காணாமல் போன பசுமாடு, எல்லாம் அக்கா குரலில்தான் வரும். பெருங்களத்தூர் தொடங்கி முடிச்சூர் எல்லை வரைக்கும் சுகுமாரின் வயர் போயிருந்தது. அதுவரைக்கும் அக்காவின் குரலும் போயிருந்தது.

எனக்கு அவர் மாதா கோயில் சிநேகிதி. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு இருவரும் சேர்ந்துதான் போவோம். அவர் கணவர் சவுரிமுத்து அண்ணன் தாம்பரத்தில் ஒரு கம்பெனியில் ராத்திரி வாட்ச்மேன். "வூட்ல ஒரு வார்த்த பேச மாட்டேங்குறா. ஊருக்கே பேசிகினு கீறா" என்று குறைப்பட்டுக்கொள்வார். அக்கா சிரிப்பார். "உங்களுக்கும் ஒரு கனெக்‌ஷன் குடுக்கச் சொல்றேன், கேளுங்க" என்பார்.

இரண்டாயிரத்து ஒன்று, இரண்டு வாக்கில் சுகுமார் பர்மா பஜாரிலிருந்து விசிடி தட்டுகளை வாங்கிவந்து ஞாயிறு மத்தியானம் படம் போடுவான். தமிழ்ப் படம் என்றால் பெரிய டிவிக்காரர்களோடு தகராறு வரும். அதனால் எந்த நாடு என்று அவனுக்கே தெரியாத படங்களாகப் பார்த்து வாங்குவான். முகமூடி போட்டவர்கள், பறப்பவர்கள், கையில் நெருப்பு வரவழைப்பவர்கள். பேச்சு மட்டும் யாருக்கும் புரியாது.

முதலில் வந்தது ஒரு தொப்பைக்காரப் பறக்கும் வீரன். முகமூடிக்கு வெளியே பெரிய மீசை தெரியும். படம் ஓட ஆரம்பித்ததும் போன் அடிக்கத் தொடங்கிவிட்டது.

"அக்கா, அவன் இன்னா சொல்றான்?"

"அக்கா, அந்தப் பொம்பளைய ஏன் தூக்கினு போறான்?"

அக்கா முதல் ஆளுக்குப் படத்தைப் பார்த்து ஏதோ ஒன்று சொன்னார். அடுத்தவனும் அதையே கேட்டான். அடுத்தவளும் கேட்டாள். "இப்படி ஒவ்வொருத்தருக்கா சொன்னா என் தொண்ட என்னாகும்?" என்று மைக்கை இழுத்து வைத்துக்கொண்டார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இவருக்கு வூட்ல மூணு தங்கச்சி. ஒண்ணுக்கும் கல்யாணம் ஆகல. அதான் இந்த ஒடம்ப வெச்சிக்கினு பறந்து பறந்து ஒழைக்கிறாரு. இப்ப தூக்கினு போறது நடு தங்கச்சிய. பஸ்ஸ வுட்டுட்டாளாம்."

அன்றைக்கு எங்கள் தெருவில் சிரிக்காத வீடு இல்லை.

அதிலிருந்து ஞாயிறு மத்தியானம் என்றால் அக்கா கதைதான். அஞ்சாங்கிளாஸ் படித்தவருக்கு எங்கிருந்து இவ்வளவு வருகிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். ஐந்து நிறத்தில் உடுப்பு போட்ட ஐந்து பேர் வந்தால், அவர்கள் ஒரே வயிற்றுப் பிள்ளைகள், சொத்துத் தகராறில் பிரிந்தவர்கள். தேனீக்களை ஏவிவிடும் ஒரு வெள்ளைக்காரி வந்தால், அவள் மாமியாரிடம் பட்ட பாட்டில்தான் அந்த வரம் கிடைத்தது. யாரும் அதைப் பொய் என்று நினைக்கவில்லை. அக்காவும் நினைக்கவில்லை. படம் பேசாததை அவர் பேசினார், அவ்வளவுதான்.

முத்தாலம்மாளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கோவளத்துக்கு இந்தப் பக்கத்துக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் கோதண்டம் கட்டுமரத்தில் போனவன், ஒரு ஐப்பசி மழையில் திரும்பவில்லை. மரமும் வரவில்லை, உடம்பும் வரவில்லை. அவள் குப்பத்தை விட்டு, எங்கள் ஊரில் ஆட்டோ ஓட்டும் தம்பி சம்பத் வீட்டுக்கு வந்துவிட்டாள். விடியுமுன் ரயிலேறிச் சிந்தாதிரிப்பேட்டையில் மீன் எடுத்துவந்து தெருத்தெருவாக விற்பாள். மூன்று வருஷம் ஆகியும் கடற்கரைப் பக்கம் மட்டும் போகவில்லை. நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி, தலையில் பூ, எல்லாம் அப்படியே. காரியம் செய்யலாம் என்று சம்பத் பேச்சை எடுத்தால், "ஒடம்பு வந்துச்சா? வரட்டும், அப்பால பாக்கலாம்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். கோதண்டத்தின் நீலக் கட்டம் போட்ட சட்டையை மடித்து, டிரங்குப் பெட்டியில் மேலாக வைத்திருந்தாள். வந்ததும் மாற்றிக்கொள்ளத் துணி வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை மீன் விற்று முடித்ததும் கேபிள் ரூமில் ஃபேனுக்கு அடியில் காலை நீட்டி உட்காருவாள். படம் பார்க்கமாட்டாள். சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள்.

அந்த வருஷம் ஆடி பிறந்த சமயத்தில் சுகுமார் ஒரு படம் கொண்டுவந்தான். ஏதோ தீவு நாட்டுப் படம். அதில் வந்த வீரனுக்கு உடம்பெல்லாம் பச்சைச் செதில் வைத்துத் தைத்த உடுப்பு, தலையில் சிவப்புத் துணி முண்டாசு. பகலில் அவன் மீன் பிடிக்கிறவன். பொண்டாட்டி வலை பின்னுகிறவள். அந்தச் செதில் உடுப்பைத் தைத்துக் கொடுத்ததே அவள்தான். அக்கா அவனுக்குச் செதிலன் என்று பேர் வைத்தார். ராட்சசக் கப்பல் ஒன்று கடலின் அடிவரைக்கும் சுரண்டி எடுக்க வருகிறது. செதிலன் இரும்புச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு கப்பலுக்கு அடியில் மூழ்குகிறான். மேலே நீர்க்குமிழி வருகிறது. அதுவும் நின்றுபோகிறது. அதோடு முதல் தட்டு தீர்ந்தது.

சுகுமார் இரண்டாவது தட்டைப் போட்டால், ஒரு முயல் கேரட் தின்றுகொண்டிருந்தது. உறைக்குள் தட்டை மாற்றி வைத்துவிட்டான் பஜார்க்காரன்.

போன் ஓயவில்லை. "செதிலன் செத்துட்டானா?" "செதிலனப் புடிச்சி வண்டலூர் ஜூவுல வெச்சிட்டாங்களா?" அக்கா எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"வருவானாக்கா?"

முத்தாலம்மாள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கண் டிவியில்தான் இருந்தது.

"வருவான்மா. அடுத்த தட்டுல வந்துடுவான்" என்றார் அக்கா, போனைக் கையில் பிடித்தபடியே.

அடுத்த வாரமும் தட்டு கிடைக்கவில்லை. மீன் கொடுக்க வரும்போதெல்லாம் முத்தாலம்மாள் அதையே கேட்டாள். அக்காவும் அதையே சொன்னார். ஒரு நாள் சம்பத் ஆட்டோவை நிறுத்திவிட்டு மாடிப்படி ஏறி வந்தான்.

"அக்கா, ஒங்க கால்ல வேணாலும் வுழறேன். ஆடி அமாவாசைக்கு மாமாவுக்குக் காரியம் பண்ண எல்லாம் பேசி வெச்சேன். அவளும் பாதி மனசுக்கு வந்துட்டா. இப்ப மறுபடியும் முருங்க மரம் ஏறிட்டா."

"நான் என்னப்பா பண்ணேன்?"

"மெட்டில்டா அக்காவே சொல்லிட்டாங்க, செதிலன் வருவான்றாங்க, எம் புருசன் வரமாட்டானான்றா. குறி கேட்ட மாதிரி புடிச்சிகினா. சட்டைய எடுத்துத் தோச்சி வெச்சிருக்கா."

அக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று சவுரிமுத்து அண்ணன் சொன்னார்.

அமாவாசைக்கு முந்திய வாரத்தில் சுகுமார் சரியான தட்டைத் தேடிப் பிடித்துவிட்டான். அவனும் அக்காவும் முதலில் தனியாகப் போட்டுப் பார்த்தார்கள். செதிலன் வரவில்லை. கப்பல் உடைந்து மூழ்குகிறது. கரையில் ஊரே நிற்கிறது. பொண்டாட்டி நிற்கிறாள். அலை அவன் முண்டாசுத் துணியைக் கொண்டுவந்து போடுகிறது. அப்புறம் அவள் செதில் உடுப்பில் இன்னொன்றை எடுத்து, வெட்டி, தன் அளவுக்குத் தைத்துப் போட்டுக்கொண்டு, தானே கடலில் இறங்குகிறாள்.

"இதுக்குப் போயி ஏங்க்கா மொகத்த தூக்கி வெச்சிகினு கீற?" என்றான் சுகுமார். "மைக்கு ஒன் கையில. செத்தான்னு படத்துல எங்கயும் காட்டல. கடலுக்கு அடியிலயே வேற ஊருக்குப் போய்ட்டான்னு சொல்லு. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமேப்பா."

"இத்தினி நாளு சொன்னதெல்லாம் மெய்யா?"

சனிக்கிழமை அக்கா என் வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்தார். கையில் ஜெபமாலை. "வருவான்னு சொன்னா அவ இன்னும் எத்தன வருசம் உக்காந்திருப்பா. வரமாட்டான்னு சொன்னா, அத என் வாயாலயா சொல்லணும்? மாதா செத்த மகன மடியிலயாவது வாங்கினா. இவளுக்கு அதுகூட இல்லையே" என்றார். இருவருமாக ஜெபமாலையின் ஐம்பத்துமூன்று மணியும் உருட்டி ஜெபம் சொன்னோம்.

மறுநாள் மத்தியானம் நான் வீட்டில்தான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. அங்கே ரூமில் முத்தாலம்மாள் அன்றைக்குச் சுவரில் சாயவில்லையாம். அக்காவின் நாற்காலியை ஒட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டாளாம்.

அக்கா நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். கப்பல் உடைந்ததைச் சொன்னார். ஊர் கரைக்கு ஓடிவந்ததைச் சொன்னார். பொண்டாட்டி வந்து நின்றாள். அங்கே அக்காவின் குரல் நின்றுபோயிற்று. அந்த ஊர்ப் பாட்டு மட்டும் கேட்டது. இத்தனை மாதத்தில் அந்தப் படங்களின் சொந்தச் சத்தத்தை நாங்கள் சரியாகக் கேட்டதே இல்லை. கேபிளில்தான் கோளாறோ என்று எழப்போனேன்.

அப்போது டிவியிலிருந்து வேறு ஒரு குரல் வந்தது.

"இன்னாக்கா நிறுத்திட்ட? சொல்லு."

மைக் அணைக்கவில்லை. தினமும் வாசலில் கேட்கிற குரல், யாருக்கு அடையாளம் தெரியாது?

"சொல்லுக்கா. துணி வந்துகீது பாரு."

"முத்தாலு..." என்றார் அக்கா.

"அலைதான் கொண்டாந்து போட்டுது. கட்டின முடிச்சு அப்டியே கீது. அவன் கழட்டல. கழட்டியிருந்தா முடிச்சு அவுந்திருக்கும்." பிறகு அவள் மெதுவாக, மீன் விலை சொல்கிற மாதிரி, தெளிவாகச் சொன்னாள். "வரமாட்டான்க்கா. இவன் வரமாட்டான்."

என் வீட்டில் எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

"அழுதுடு தாயி" என்றாள் திரையில் நின்றவளைப் பார்த்து. "நின்னுகினே கீறியே. கால் வலிக்கல? ஒக்காந்து அழுதுடு."

சொல்லி வைத்தாற்போல் படத்தில் அவள் மணலில் உட்கார்ந்தாள். இரண்டு அழுகை கேட்டது. ஒன்று மைக்குக்குப் பக்கத்திலிருந்து வந்தது, மற்றது நாற்காலியை ஒட்டித் தரையிலிருந்து.

செதிலன் பொண்டாட்டி உடுப்பை வெட்டித் தைக்கும் இடம் வந்தபோது முத்தாலம்மாள் மூக்கைச் சிந்திவிட்டுக் கதையைத் தொடர்ந்தாள். "அவன் சட்டைய வெட்டுறா பாரு. வெட்டட்டும். எவ்ளோ நாளைக்குத்தான் மடிச்சே வெச்சிருப்பா? கடல்ல வேல கெடக்குது, யாராச்சும் போவணுமே." படம் முடியும்வரை அவள்தான் சொன்னாள். அக்கா ஒரு வார்த்தையும் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் யாரும் போன் பண்ணவில்லை. பிறகு அதைச் சொல்லிச் சொல்லி சுகுமார் ஆச்சரியப்பட்டான்.

ஆடி அமாவாசையன்று சம்பத்தின் ஆட்டோவில் குப்பத்துக்குப் போனார்கள். முத்தாலம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "காரியம் பண்ணுங்க. எம் பொட்ட மட்டும் எவளும் தொடக்கூடாது." யாரும் தொடவில்லை. அக்காவும் கூடப் போயிருந்தார். கொஞ்சம் தள்ளி மணலில் நின்று, முந்தானைக்குள் ஜெபமாலை உருட்டினாராம். மூன்று வருஷம் கழித்து முத்தாலம்மாள் கடலை ஏறெடுத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள்.

ஒரு வாரம் மீன் இல்லை. அப்புறம் ஒரு காலை "மீனோய்" என்று தெருவில் சத்தம். நானும் அக்காவும் வாசலுக்கு வந்தோம். புடவைக்கு மேலே அந்த நீலக் கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் கூடையோடு முத்தாலம்மாள் வந்துகொண்டிருந்தாள். எதிர்வீட்டுப் பிள்ளை ஜெயஸ்ரீ உள்ளே பார்த்துக் கத்தினாள்.

"அம்மா, செதிலன் பொண்டாட்டி வந்துகீறாங்க!"

"ஆமாண்டி, பறந்து காட்டட்டா? மொதல்ல ஒங்கம்மாவ சங்கரா வாங்கச் சொல்லு, போ."

கூடையை எங்கள் படியில் இறக்கினாள். அக்கா மீனைப் பார்க்கவில்லை. சட்டையைத்தான் பார்த்தார். தோளிலும் பக்கத்திலும் பிடித்துத் தைத்திருந்தது. கை மட்டும் நீளமாகவே இருந்தது. முழங்கை வரைக்கும் சுருட்டி விட்டிருந்தாள்.

"கையையும் வெட்டித் தெச்சிருக்கலாமே முத்தாலு. மீன் தண்ணி படுமே."

முத்தாலம்மாள் அவிழ்ந்துவந்த ஒரு சுருளை மறுபடி மேலே ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"இருக்கட்டும்க்கா. அத்த மட்டும் வெட்ட மனசு வர்ல" என்றாள். "மத்தி கீது, நெத்திலி கீது. இன்னா வேணும், சொல்லு."